எழுந்து நிற்காத சிறுமி

(தென்சென்னையில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்மை, சமநீதி, உள்ளடக்கம் ஆகிய மூன்றைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள பெரிய நிறுவனங்களில் இந்த மூன்று சொற்களுக்கும் தனிப் பிரிவே இருக்கிறது, பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. நமக்கு இவை புதிய சொற்களாகத் தோன்றலாம். ஆனால் செய்தி புதியதல்ல. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஒரு மணி நேரம் நடந்தால், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்விக்கு இந்த ஊர் சொல்லிவந்த பதில்கள் கட்டடங்களாகவே நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் சிலவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

1994-ஆம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு ஆசிரியை. ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகைக்குப் பெயர்ப் பட்டியல் அன்று மாலைக்குள் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது பாடவேளை. கணக்குப் பாடம் பாதியில் நின்றது. நான் வகுப்பைப் பார்த்து, “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, பேர் எழுதணும்” என்றேன். ஒன்பது பேர் எழுந்தார்கள். பெயர் எழுதினேன், அனுப்பினேன், விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தேன். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அந்த வேலையை விரைவாக முடித்ததாக எனக்கு ஒரு நிறைவு வேறு.

எழுந்திருக்க வேண்டியவர்கள் பத்துப் பேர். மூன்றாவது வரிசையில் சன்னலோரம் இருந்த ஒரு சிறுமி எழுந்திருக்கவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிய வந்தபோது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

அடையாற்றின் தென்கரையில், இன்றைய பெசன்ட் நகர்ப் பக்கம், ஊரூர் என்றொரு சிற்றூர். அதை அடுத்து ஆல்காட் குப்பம். அங்கே 1894-இல் ஒரு சிறிய இலவசப் பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் பிரம்மஞான சபையின் தலைவரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்ற அமெரிக்கர். யாருக்காக என்றால், அந்நாளில் ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக. மற்ற பள்ளிகளின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. திறந்த சில இடங்களிலும் மற்ற பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் நிர்வாகிகளுக்கு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று அதே வகைப் பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். ஊரூரில் தொடங்கிய முதல் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது.

இதை ஓர் அயல்நாட்டவரின் கருணைக் கதையாக மட்டும் வகுப்பில் சொல்லிவிடக் கூடாது. கேட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் இலவசக் கல்வியும் வேண்டும் என்று கேட்டவர். இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தியவரும் அவரே. கேட்டவர் இருந்ததால்தான் கொடுப்பவருக்கும் வழி தெரிந்தது. நம் பள்ளியிலும் இப்படித்தான். ஒரு பெற்றோர் வந்து உரத்த குரலில் கேட்டால் ‘தகராறு செய்கிறார்’ என்று நினைக்கிறோம். நமக்குத் தெரியாத ஒரு தேவையை அவர் நமக்குச் சொல்லித்தருகிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.சி.ராஜா. ‘எம்.சி.’ என்பது மயிலை சின்னத்தம்பி. பெயரிலேயே மயிலாப்பூர் இருக்கிறது. பிறந்தது பரங்கிமலையில், 1883-இல். படித்து ஆசிரியரானார், பாடநூல்கள் எழுதினார், பிறகு சென்னைச் சட்டமன்றத்துக்குப் போனார். அங்கே அவர் போராடிப் பெற்றவற்றுள் ஒன்று ஒரு பெயர். பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கிவிட்டு ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1922-இல் அரசாணை வந்தது.

நூறு ஆண்டுகளுக்கு முன் சட்டமன்றத்துக்குப் போன ஓர் ஆசிரியர், பள்ளிகள், நிலம், வேலை என்று கேட்கப் பல இருந்தும், பெயருக்காக ஏன் இவ்வளவு பாடுபட்டார்? அவர் வகுப்பறையில் இருந்தவர். வருகைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையை என்ன சொல்லி அழைக்கிறோமோ, அந்தச் சொல் வீடுவரை அந்தப் பிள்ளையோடு போகும் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். சைதாப்பேட்டையில் அவர் பெயரில் அரசு மாணவர் விடுதி இருக்கிறது. அந்தப் பக்கம் பேருந்தில் போகும்போதெல்லாம் 1994-இல் நான் வகுப்பில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்கு நினைவுக்கு வரும். அவர் பெற்றுத்தந்த உதவிகளைக் கொடுக்கும் வேளையிலேயே, அவர் நீக்கப் பாடுபட்ட அவமானத்தை நான் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இனி, ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பெண்கள். இருவரும் 1886-இல் பிறந்தவர்கள். ஒருவர் சகோதரி சுப்புலட்சுமி. மற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

சுப்புலட்சுமி மயிலாப்பூரில் பிறந்தவர். பதினொரு வயதில் திருமணம், சிறிது காலத்திலேயே கணவர் மறைவு. அந்நாளில் ஒரு பிராமணக் குழந்தைக் கைம்பெண்ணுக்கு விதித்திருந்த வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். தலை மழித்து, ஒரு மூலையில், நல்ல காரியங்களில் எதிரே வரக் கூடாது என்ற நிலை. அவர் வீட்டார் அதற்கு உடன்படவில்லை. படிக்க வைத்தார்கள். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே எழும்பூரில் தம் வீட்டில் நான்கு இளம் கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் தொடங்கினார். அந்த இல்லம் வளர்ந்து, பின்னாளில் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் அழைக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அங்கே படித்த பெண்கள் பலர் ஆசிரியைகளானார்கள். 1922-இல் லேடி வெல்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதன் தலைமைப் பொறுப்பும் சுப்புலட்சுமிக்கே. நம்மில் எத்தனையோ பேர் அந்த வளாகத்தில் பயிற்சி பெற்றவர்கள்தாம்.

அவர் செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது இதுதான். பள்ளிக் கதவைத் திறந்து வைத்து ‘யாரும் வரலாம்’ என்று பலகை மாட்டியிருந்தால் அந்தச் சிறுமிகள் வந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும். வயது கடந்தும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வழி வேண்டும். படித்து முடித்தால் ஒரு வேலை வேண்டும். எல்லாவற்றையும்விட, தெருவில் போகும்போது சொல்லம்பு பட்டு வருபவர்களுக்கு ஆறுதலாக ஒருவர் வேண்டும். இதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தபோதுதான் ‘சம வாய்ப்பு’ என்ற சொல்லுக்குப் பொருள் வந்தது. 1942-இல் அவர் மயிலாப்பூரில் வயதுவந்த பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான். பாதியில் படிப்பை விட்டவர்கள் பத்து வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரக் கூசுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த முதல் இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே. மற்றவர்களையும் சேர்த்தால் அந்தக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்ப மாட்டா என்பதே அன்றைய கணக்கு. அந்தக் காலத்தின் நெருக்கடி நமக்குப் புரிகிறது. ஆனால் ஒரு கதவைத் திறக்கும்போதே வேறொரு கதவு சாத்தியே இருந்தது என்பதும் உண்மை. நல்ல மனிதர் கட்டிய நல்ல நிறுவனத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. நம் பள்ளிகளும் நல்ல மனிதர்கள் நடத்துபவைதாம். எல்லை எங்கே என்பதை நாமும் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த எல்லையில் போய் முட்டியவர்தான் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1904-இல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது இரண்டு காரணம் சொல்லி எதிர்த்தார்கள். ஒன்று, பெண். மற்றொன்று, தாயின் குலம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவர். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். அந்தச் சட்டம் முழுமையாக நிறைவேற 1947 வரை ஆனது.

அந்தப் போராட்டத்தின் நடுவில் ஒருநாள், பொட்டுக் கட்டுவதிலிருந்து தப்பி வந்த சில இளம் பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். படிக்க வேண்டும், தங்க இடம் வேண்டும் என்றார்கள். அவர் அவர்களை விடுதிகளில் சேர்க்க முயன்றார். அன்றைய விடுதிகள் சாதி வாரியாகப் பிரிந்து கிடந்தன. பிராமணர் விடுதியிலும் இடமில்லை, பிராமணரல்லாதார் விடுதியிலும் இடமில்லை. அவர்கள் பிறந்த குலத்தைக் கேட்டதும் இரண்டு கதவும் சாத்தின. சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர் சொல்லியும் திறக்கவில்லை.

அவர் தம் வீட்டிலேயே அவர்களை வைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் இப்படித்தான் பிறந்தது. சாதி கேட்காமல், தாய் தகப்பன் யாரென்று கேட்காமல், வந்த பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும் இடம். பிறகு அது அடையாறு பெசன்ட் அவென்யூவுக்கு வந்தது. இன்றும் இல்லமும் பள்ளியும் அங்கே இருக்கின்றன. அதே அடையாற்றில் 1954-இல் அவர் தொடங்கிவைத்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

விடுதியே இல்லாத ஊரில் இது நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தப் பிரிவினருக்கு ஒன்று, அந்தப் பிரிவினருக்கு ஒன்று என்று எல்லாம் இருந்தன. எந்தப் பெட்டியிலும் பொருந்தாத பிள்ளைக்குத்தான் இடமில்லை. நம் பள்ளியிலும் எல்லாத் திட்டமும் இருக்கிறது. ஆனாலும் எந்தப் பட்டியலிலும் சேராத ஒரு பிள்ளை எங்கோ நிற்கிறது. ஆதார் இல்லாத பிள்ளை. மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வேறு மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை. பெற்றோர் இருவருமின்றிப் பாட்டியோடு இருக்கும் பிள்ளை. உடல் ஒன்றும் மனம் ஒன்றுமாகத் தவிக்கும் பதின்வயதுப் பிள்ளை. அவர்கள் கதவைத் தட்டும்போது நாம் கையேட்டைப் புரட்டுகிறோமா, கதவைத் திறக்கிறோமா?

இப்போது தி.நகருக்கு வருவோம். அந்தப் பெயருக்கு உரியவர் சர் பிட்டி தியாகராயர். சென்னை மாநகராட்சியின் தலைவராக அவர் இருந்தபோது, 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. பசியோடு ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம். மற்ற சில பள்ளிகளுக்கும் அது பரவியது. 1925-இல் அரசு அச்செலவை ஏற்காமல் தடை போட, திட்டம் நின்றது. பிறகு பெருந்தலைவர் காமராசர் காலத்தில் மதிய உணவு மாநிலம் முழுவதும் வந்ததும், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவாக விரிந்ததும், 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் நாம் அறிந்தவை.

இதில் உணவைத் தாண்டி ஒரு பாடம் இருக்கிறது. காலை உணவில் ‘ஏழைப் பிள்ளைகள் மட்டும் வாருங்கள்’ என்று நாம் சொல்வதில்லை. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே உப்புமா, ஒரே பொங்கல், ஒரே வரிசை. யாருக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எழுந்து நிற்க வேண்டாம், கையைத் தூக்க வேண்டாம். தேவைப்படுபவருக்குத் தேவையானது போய்ச் சேர்கிறது, மானமும் காப்பாற்றப்படுகிறது.

எல்லா உதவியையும் இப்படிக் கொடுக்க முடியாது. உதவித்தொகை குறிப்பிட்ட பிரிவினருக்குத்தான் வரும், வரவும் வேண்டும். காலங்காலமாகப் பின்னால் தள்ளப்பட்டவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது சலுகையல்ல, கணக்கை நேர்செய்வது. அதில் எனக்கு ஐயமில்லை. நான் சொல்வது கொடுக்கும் விதத்தைப் பற்றி மட்டும். எல்லோருக்குமானதை எல்லோர் முன்னும் கொடுப்போம். சிலருக்கானதை அவர்களுக்கு மட்டும் தெரியும்படி கொடுப்போம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய செய்தி நம் எல்லோரையும் உலுக்கியது. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதில் சொல்லியிருப்பவை பலவும் நம் மேசை மேல் இருப்பவை. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு இருக்கக் கூடாது. ஆசிரியர் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்கக் கூடாது, மாணவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். கையில் வண்ணக் கயிறுகள் கூடாது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது.

அது திருநெல்வேலிப் பக்கத்துச் சிக்கல், சென்னையில் இதெல்லாம் இல்லை என்று நம்மில் சிலர் நினைக்கலாம். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஊரில் பணியாற்றியவள். இங்கே கயிறு கட்டாமலேயே தெரிந்துகொள்கிறோம். ‘எந்த ஏரியா?’ என்று கேட்கிறோம். குப்பம் என்றால் ஒரு பார்வை, ஹவுசிங் போர்டு என்றால் ஒரு பார்வை, தனி வீடு என்றால் ஒரு பார்வை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, கல்வியாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பழைய பள்ளியை விட மனமில்லாமல் விடியற்காலையில் எழுந்து இரண்டு பேருந்து மாறி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் தாமதமாக வந்தபோது நாம் கேட்டது ‘ஏன் லேட்டு?’ என்பதுதான். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த நாள்களும் உண்டு. அந்தப் பிள்ளை சம வாய்ப்போடு வரவில்லை, பதினைந்து இருபது கிலோமீட்டர் பின்னாலிருந்து வந்தது. முதல் பாடவேளையில் எடுத்ததை இடைவேளையில் ஐந்து நிமிடம் திரும்பச் சொல்லியிருந்தால் போதும். ஒரு ரூபாய் செலவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது சொல்கிறது. நம் பள்ளிகளில் சாய்தளம் கட்டிவிட்டோம். ஆனால் எட்டாம் வகுப்பு இரண்டாவது மாடியில் இருக்கும். சக்கர நாற்காலிப் பிள்ளையை இரண்டு நண்பர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், நாமும் ‘எவ்வளவு நல்ல பிள்ளைகள்’ என்று நெகிழ்வோம். தினமும் தூக்கப்படும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? எட்டாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்து ஆறாம் வகுப்பை மேலே அனுப்ப அரசாணை வேண்டியதில்லை. தலைமையாசிரியர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிவு செய்தால் திங்கட்கிழமை முடிந்துவிடும்.

மாணவரைப் பற்றியே பேசுகிறோம். பள்ளி என்பது நமக்குப் பணியிடமும்தான். நம் ஆசிரியர் அறையைக் கொஞ்சம் பாருங்கள். தூய்மைப் பணியாளர் அக்கா டீ குடிக்கும் டம்ளர் எங்கே இருக்கிறது? நம் டம்ளர்களோடு அலமாரியிலா, சன்னல் கட்டையில் தனியாகவா? ஆண்டு விழாவில் கோலம் போடவும் ஆரத்தித் தட்டு ஏந்தவும் எந்த ஆசிரியைகளைக் கேட்கிறோம், கணவரை இழந்த ஆசிரியையை ஏன் கேட்பதில்லை? சகோதரி சுப்புலட்சுமி எழும்பூரில் அந்த நால்வருக்குப் பாடம் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது! பகுதிநேர ஆசிரியருக்குக் கூட்டத்தில் நாற்காலி உண்டா? பார்வையற்ற ஆசிரியருக்குச் சுற்றறிக்கையை யாராவது படித்துக் காட்டுகிறோமா, அல்லது ‘வாட்ஸ்அப்பில் படம் போட்டாயிற்று’ என்று விட்டுவிடுகிறோமா? பிள்ளைகள் நம் பாடத்தைவிட நம் அறையைத்தான் அதிகம் படிக்கிறார்கள். வாசலில் நின்று ‘மே ஐ கம் இன்’ கேட்கும் அந்த அரை நிமிடத்தில் டம்ளர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள்.

நான் ஓய்வு பெறும்வரை வகுப்பாசிரியர்களிடம் கேட்டு வந்தவை ஐந்து. அவற்றை உங்களிடமும் வைக்கிறேன்.

ஒன்று, உங்கள் வகுப்பில் பெருக்குவது, தண்ணீர்க் குடம் எடுப்பது, பெஞ்சு தூக்குவது யார்? ஒரு மாதத்துக்குக் குறித்துப் பாருங்கள். அதே நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் முறை வைத்து மாற்றுங்கள்.

இரண்டு, காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பதும், விருந்தினருக்குப் பூச்செண்டு கொடுப்பதும் யார்? நிறமும் உச்சரிப்பும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோமா?

மூன்று, இந்தப் பருவத்தில் நீங்கள் ஒரு முறைகூடப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்காத பிள்ளை யார்? பதிவேட்டைப் பார்க்காமல் நாற்பது பெயரையும் எழுதிப் பாருங்கள். விட்டுப்போன பெயர்தான் விடை.

நான்கு, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அந்த மொழியில் நீங்கள் கற்றுக்கொண்ட மூன்று சொற்கள் எவை?

ஐந்து, யார் எந்த உதவி பெறுகிறார் என்பது வகுப்புக்குத் தெரியுமா? தெரியும் என்றால் அது எப்படித் தெரிந்தது?

இந்த ஐந்துக்கும் நான் முழு மதிப்பெண் வாங்கியதில்லை. நீங்களும் முதல் மாதத்தில் வாங்க மாட்டீர்கள். அதனால் குற்றமில்லை. கேட்காமல் இருப்பதுதான் குற்றம்.

இனி, சன்னலோரம் இருந்த அந்தச் சிறுமி.

நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளிக்கு ஒரு ஜூன் மாதம் ஒரு பெண் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “டீச்சர், என்னைத் தெரியலையா?” என்றார். தெரிந்தது. சிரித்தோம், பழைய கதை பேசினோம். சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தபோது, சாதிச் சான்றிதழை மட்டும் நான்காக மடித்து உறைக்குள் வைத்திருந்தார். அதைக் கையில் கொடுக்காமல் ஒரு நிமிடம் வைத்திருந்தார். பிறகு மகளை வெளியே மரத்தடியில் போய் உட்காரச் சொன்னார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? இதை வகுப்புல வெச்சுக் கேப்பீங்களா? எட்டாவதுல நீங்க எழுந்திருக்கச் சொன்னப்போ நான் எழுந்திருக்கல. பக்கத்துல உட்கார்ந்திருந்தவ தினமும் என்னோட சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிடுறவ. அவளுக்குத் தெரிஞ்சா மறுநாள் சாப்பிடுவாளோ மாட்டாளோன்னு பயம். வீட்ல அம்மா கேட்டாங்க, பணம் இந்த வருஷம் வரலைன்னு சொல்லிட்டேன். அந்த வருஷம் அம்மா வட்டிக்கு வாங்கித்தான் நோட்டு வாங்குனாங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. மகளுக்காகக் கேட்டார், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ, நீங்க எனக்குக் கணக்கு நல்லா சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்” என்றார். அது எனக்கு இன்னும் வலித்தது. நான் நல்ல ஆசிரியையாகவும் இருந்திருக்கிறேன், இதையும் செய்திருக்கிறேன். அந்தத் தோழி சாப்பிட்டிருப்பாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை சாப்பிட்டிருப்பாள். ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அந்தச் சோதனையை அவளுக்கு வைத்தது நான்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் உதவித்தொகை வேலை முழுவதும் அலுவலகத்தில், பெற்றோரோடு, கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. எழுத்தருக்கு வேலை கூடியது, முணுமுணுத்தார். பிறகு பழகிவிட்டார். ஒரு பெற்றோருக்குப் பத்து நிமிடம் ஆகும். வகுப்பில் நான்கு நிமிடத்தில் முடித்த வேலைக்கு மூன்று நாள் ஆனது. ஆகட்டுமே.

அவ்வை இல்லத்தின் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சாத்திய இரண்டு கதவுகளுக்கு வெளியே நின்ற சில பெண்களுக்காக எழுந்த இடம் அது. நம் வகுப்பறைக்கு ஒரே கதவுதான். அது திறந்தே இருக்கிறது. திறந்த கதவின் உள்ளே வந்த பிறகும் ஒரு பிள்ளை தன்னை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். வரும் திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது அந்தப் பிள்ளை யார் என்று மட்டும் தேடுங்கள். கண்டுபிடித்தால் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.